சொல் விழாத கல்

கல்லுக்கொட்டாய்,
பாப்பிரெட்டிப்பட்டி வழி.
பார்த்திப வருஷம், மாசி 28

தருமபுரி ஹவில்தார் இன்னாசி ஐயாவுக்கு, கல்லுக்கொட்டாய் ராமக்கா எழுதுவது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் இன்னார் இன்னார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நான் இல்லை, என் காதில் விழவில்லை என்று பிறகு யாரும் நழுவக் கூடாது. நாற்காலியில் நீங்கள். உங்களுக்கு வலப்பக்கம் கயிற்றுக் கட்டிலில் ஊர்க்கவுண்டர் வெங்கடாசலம். எவன் பேசினாலும் தானே பேசியது மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கீழே, முந்தின சண்டையில் பஸ்ராவுக்குப் போய் ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு வந்த காளியன். இந்தச் சண்டைக்குப் போய் முழுசாகத் திரும்பிய அர்ச்சுனன். பர்மாவுக்குப் போய்த் திரும்பிய மாரியப்பன். அவனைப் பெற்ற கருப்பி. பட்டாளத்துக் கதை கேட்கிற இடத்தில் அவளுக்கு என்ன வேலையோ. என் மருமகள் குள்ளம்மாள். நான். வேலியோரம் சின்னக்காவும் நின்றாள், ஆனால் அவளுக்குக் காது கேட்காது, விட்டுவிடுங்கள்.

"சண்டைக்குப் போயி வந்தவனுங்க கதையெல்லாம் அவனுங்களோடயே மண்ணுக்குள்ள போயிடுது. கேட்டு எழுதிப் பழைய சிப்பாய்ங்க சங்கத்துல புஸ்தகமாப் போடப் போறோம்" என்றீர்கள். எனக்கு மனசு குளிர்ந்தது. என் ஒரே மகன் மாதேஸும் போனவன்தான். மாரியப்பனும் அவனும் ஒரே நாளில் போய் ஒரே கோவேறு கழுதைப் படையில் சேர்ந்தார்கள். நான்கு வருஷமாக அவனிடமிருந்து காயிதம் இல்லை. 'காணவில்லை' என்று சர்க்காரிலிருந்து ஒரு தாள் வந்தது, அவ்வளவுதான். "திரும்பாதவன் கதையைக் கூடப் போனவன் வாயால கேட்டு எழுதுவோம்" என்று நீங்கள் சொன்னபோது உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கும்பிடை இப்போது திருப்பிக் கேட்கிறேன்.

ஒவ்வொருத்தனாகப் பள்ளிக்கூட அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினீர்கள். மாரியப்பன் முறை வந்தபோது நானும் உள்ளே உட்காருகிறேன் என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பட்டாளத்துச் சமாசாரம்மா இது. பொம்பளை இருந்தா ஆம்பளை வாய் தொறக்க மாட்டான். நீங்க போய் ஒரு சொம்பு கூழ் கரைச்சுக்கிட்டு வாங்க, நாக்கு வறண்டு போச்சு." நானும் போனேன். அப்படிப் போன என் காலை நானே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேழ்வரகுக் கூழில் மோர் விட்டு, வெங்காயம் நறுக்கிப் போட்டு நான் கொண்டுவந்தபோது எல்லோரும் மரத்தடியில் இருந்தார்கள். மாரியப்பன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். கள்ளோ என்னவோ என்று நினைத்தேன். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் காதால் கேட்டது இது, ஓர் எழுத்துக் குறையாது: "சிண்ட்வின் ஆற்றைக் கடக்கும் முன்னர், எங்கள் அணியைச் சேர்ந்த மாதேஸ் மேலிடத்து உத்தரவை மீறி அணியை விட்டு ஓடிப்போனான்."

கவுண்டர் தூவென்று துப்பினார். மாரியப்பன் தலையை நிமிர்த்தாமல் கைநாட்டு வைத்தான். நான் சொம்பை உங்கள் தாள்களின் மேல் கவிழ்த்தேன். கை தவறிவிட்டது என்று கருப்பி உங்களிடம் சொன்னாளாம். கை தவறவில்லை. பார்த்துத்தான் ஊற்றினேன்.

என் மகன் ஓடுகிறவன் இல்லை. பட்டாளத்திலிருந்து எழுதினான்: "ஆத்தா, எனக்கு ஒரு கோவேறு கழுதை குடுத்திருக்காங்க. காரின்னு பேர் வெச்சிருக்கேன். எங் கையால வெச்சாத்தான் கொள்ளு தின்னுது." இந்தக் காயிதத்தை ஊரான் வாயால் கேட்கப் பிடிக்காமல், நரைத்த தலையோடு வாத்தியார் பெண்சாதியிடம் போய் எழுத்துக் கற்றுக்கொண்டவள் நான். ஆகையால் சொல்கிறேன்: அந்த ஒரு வரியை அடியுங்கள். அடித்துவிட்டேன் என்று எனக்கு எழுதுங்கள்.

ராமக்கா

*

தருமபுரி
21-3-1946

மதிப்புக்குரிய ராமக்கா அம்மையாருக்கு, ஓய்வுபெற்ற ஹவில்தார் கிளார்க் இன்னாசி எழுதிக்கொள்வது.

தங்கள் கடிதம் கிடைத்தது. கூழ் சுவையாகத்தான் இருந்திருக்கும். அதைக் குடித்தவை என் தாள்கள். காளியன் சொன்ன பஸ்ரா யுத்தம் முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் போனால் எழுத்தோடு உரிகிறது. மறுபடி அவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். அந்த வயதில் மறுமுறை கேட்கும்போது எது மிஞ்சும், எது மிஞ்சாது என்று எனக்குத் தெரியாது. இதைத் தாங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள்.

நான் இந்த வேலையைப் பொழுதுபோகாமல் செய்யவில்லை. என் அண்ணன் முந்தின யுத்தத்தில் பஸ்ராவில் இறந்தார். எங்கே, எப்படி என்று சொல்ல அவரோடு போனவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. எங்கள் அம்மா அதைக் கேட்டுக் கேட்டே கண்ணை மூடினார். இனி ஒரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் சைக்கிளில் பென்னாகரம் முதல் தீர்த்தமலை வரை அலைகிறேன்.

என் முறை இதுதான். கண்டவன் சொல்வதை எழுதுகிறேன். எழுதியதை ஊரறியப் படிக்கிறேன். சரியென்றால் அவன் கைநாட்டு வைக்கிறான். அதற்குப் பிறகு ஒரு புள்ளியை மாற்றவும் எனக்கு உரிமையில்லை. மாரியப்பன் மறுக்காமல் கைநாட்டு வைத்ததைத் தாங்களே பார்த்தீர்கள்.

அந்தக் குடும்பத்தோடு தங்களுக்கு நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை என்று கவுண்டர் சொன்னார். பகை உள்ள இடத்தில் பொய்யும் இருப்பதாகத் தோன்றுவது இயற்கை. ஒரு தாயின் வருத்தம் எனக்குப் புரிகிறது. வரியை அடிக்க இயலாது.

இன்னாசி

*

கல்லுக்கொட்டாய்
பங்குனி 20

ஹவில்தார் ஐயாவுக்கு,

பகை என்று எழுதினீர்கள். அதையும் தெரிந்துகொள்ளுங்கள். என் மகனுக்கு மீசை அரும்பாத காலத்தில் கருப்பி தன் பேத்திக்குக் காது குத்தினாள். பந்தியில் இலை போட்டாயிற்று. களி உருண்டை விழுந்தாயிற்று. குழம்புக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தேன். "ராமக்கா, இது பங்காளிங்க வரிசை, நீ எந்திரிச்சு அடுத்த பந்தியில குந்து" என்றாள். கை வைத்த இலையிலிருந்து என்னை எழுப்பினாள். எழுந்தேன். அன்றிலிருந்து அவளோடும் அவள் வயிற்றில் பிறந்தவனோடும் எனக்குப் பேச்சு இல்லை. செத்தாலும் இல்லை. ஆனால் அதற்காக அவன் மேல் பொய் சொல்லுவேன் என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் கோபக்காரி. பொய்க்காரி இல்லை.

உங்கள் ஒரு வரி இங்கே என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

எங்கள் ஊரில் வெளியூரில் செத்தவனுக்கு, எல்லையில் வேடியப்பன் சாமி கல்லுக்குப் பக்கத்தில் கல் நடுவோம். கல்லை நட்டுவிட்டால் மட்டும் போதாது. அவன் செத்ததைக் கண்ட ஒருத்தன் கல்லைத் தொட்டுக்கொண்டு, இன்ன இடத்தில், இன்ன விதமாகச் செத்தான் என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். சொல் விழாத கல் மாடு கட்டுகிற முளைக்குச் சமம்.

மாதேஸுக்கென்று மலையடியிலிருந்து நல்ல கல்லாகப் பார்த்து வண்டியில் கொண்டுவந்து வாசலில் போட்டிருந்தேன். கண்டவன் மாரியப்பன் ஒருத்தன்தான். அவன் வாய் திறக்கவில்லை. நானும் அவனைக் கேட்கிற ஆள் இல்லை. உங்கள் முன்னாலாவது சொல்லுவான் என்று காத்திருந்தேன். இப்போது கவுண்டர், "ஓடிப்போனவனுக்குக் கல்லு நட்டா, நாளைக்குக் கோழி திருடனுக்கும் நட்டுடலாம்" என்கிறார். கல்லின் மேல் அவர் வீட்டுக் கோழிதான் ஏறி எச்சம் போடுகிறது.

அதோடு போகவில்லை. ஓடினவன் செத்திருக்க மாட்டான் என்கிறார்கள். பர்மாக்காரி ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறானாம், புள்ளைகூட இருக்கிறதாம். கிணற்றடியில் குள்ளம்மாள் காது கேட்கவே பேசுகிறார்கள். அவள் கழுத்தில் தாலி கிடக்கிறது. பூ வைப்பதா, வேண்டாமா என்று தெரியாமல் தினம் பூவை வாங்கி மாடத்தில் வைக்கிறாள். அங்கேயே வாடுகிறது. என் பேத்திக்குப் பிள்ளைகள் வைத்த பேர் 'ஓட்டக்காரன் மவ'.

மாரியப்பன் ஒருத்தன்தான் அந்தப் படையில் இருந்தானா? வேறு எவனும் திரும்பவில்லையா? சைக்கிள் இருக்கிறது, கால் இருக்கிறது. தேடுங்கள். கண்டவன் சொல்தான் சாட்சி என்றீர்களே, இன்னொரு கண்ணைக் கண்டுபிடியுங்கள்.

ராமக்கா

*

தருமபுரி
19-5-1946

அம்மையாருக்கு,

தேடினேன். தருமபுரி சந்தைக்குப் பக்கத்தில் மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிக்கும் சலாவுதீன், தங்கள் மகன் இருந்த படையிலேயே லாடக்காரராக இருந்தவர். அவர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆத்தைத் தாண்ட படகு பத்தலைங்க. மனுசனுக்கே எடம் இல்ல. ஜீவனுங்களை எதிராளி கையில வுடக்கூடாது, எல்லாத்தையும் சுட்டுட்டு ஏறுங்கன்னு உத்தரவு. எல்லாம் நான் லாடம் அடிச்ச ஜீவனுங்க. பாக்க முடியாம மொதப் படகுலயே நான் ஏறிட்டேன். அக்கரை போயித் திரும்பிப் பாத்தா, சுடற சத்தம் கேக்குது. மாதேஸ் மட்டும் அந்தக் கறுப்புக் கழுதையைப் புடிச்சிக்கிட்டு கரையோரமா மேலாண்ட போறான். கூப்புடறாங்க, திரும்பலை. அப்புறம் தண்ணியில எறங்கிட்டான். கழுதையோட ரெண்டு காதும் அவன் தலையும் தெரிஞ்சுது. பாதி ஆறு வந்துட்டாங்க. அங்க இழுப்பு ஜாஸ்தி. கயித்தை வுட்டிருந்தா அவன் நீந்தி வந்திருப்பான், நல்ல நீச்சக்காரன். வுடலைங்க. கடைசி வரைக்கும் வுடலை."

தங்கள் மகன் இறந்துவிட்டார், அம்மா. ஆண்டவர் தங்களுக்கு ஆறுதல் தருவாராக.

இனி என் கடமைக்கு வருகிறேன். 'ஓடிப்போய் ஆற்றில் மூழ்கி இறந்தான்' என்று வரியைத் திருத்திவிடுகிறேன். உத்தரவை மீறியதும் அணியை விட்டுப் போனதும் சலாவுதீன் சொல்லிலும் பொய்யாகவில்லை. பிராணிகளைச் சுட்ட விஷயத்தை நூலில் சேர்க்கச் சங்கத்தார் சம்மதிக்க மாட்டார்கள். மேலும், மாரியப்பன் என்னிடம் கழுதையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கல் நடுவதற்கு சலாவுதீன் வரச் சம்மதிக்கிறார். கவுண்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

இன்னாசி

*

கல்லுக்கொட்டாய்
விய வருஷம், ஆனி 5

ஹவில்தார் ஐயாவுக்கு,

காயிதம் வந்தது. நானே படித்தேன். குள்ளம்மாளுக்கும் படித்துக் காட்டினேன். அவள் தாலியைக் கழற்றி மாடத்தில், பூ வைக்கிற இடத்தில் வைத்தாள். மற்றதை உங்களுக்கு எழுத மாட்டேன். அழுகை உங்கள் புஸ்தகத்துக்கு ஆகாது.

கவுண்டரிடம் போனேன். "சலாவுதீன் நல்லவன்தான். ஆனா கல்லுக்கு ஊர்க்காரன் வாய் வேணும். மாரியப்பனைச் சொல்லச் சொல்லு, நடலாம்" என்றார். எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை என்று தெரிந்தே சொன்னார்.

ஆகவே நான் எருமையிடம் பேசினேன். சிரிக்காதீர்கள். பேச்சு அறுந்தவர்கள் அவசரத்துக்கு மாட்டிடமோ தூணிடமோ சொல்லிக்கொள்வது இங்கே வழக்கம். அதனால் வைராக்கியம் முறியாது. மாரியப்பன் வாசலில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"ஏ எருமை, உன் எசமானைக் கேளு. எம் மவன் கழுதையோட ஆத்துல போனது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். எருமையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்னு சொல்லு" என்றான்.

"தெரிஞ்சவன் ஏன் சொல்லலைன்னு கேளு. நாக்குல லாடமா அடிச்சிருக்குது?"

"சொன்னேன்னு சொல்லு. பள்ளிக்கூடத்துக்குள்ள எல்லாத்தையும் சொன்னேன். எங் கழுதையை நானே சுட்டேன். வெல்லம் வெச்சிருக்கேனான்னு எஞ் சட்டைப் பையை மோந்து பாத்துச்சு, அப்பத்தான் சுட்டேன். மாதேஸ் மாட்டேன்னான். 'இதுக்கா கொள்ளு போட்டேன்'னான். தண்ணியில எறங்கினதை நான் கரையில நின்னு பாத்தேன். அத்தனையும் அழுதுக்கிட்டே சொன்னேன். ஹவில்தாரு பேனாவை மூடிட்டாரு. 'சிப்பாய் அழலாமாடா, கண்ணைத் தொடைச்சுக்க. இதெல்லாம் புஸ்தகத்துக்கு வேணாம், வெளியில ஒருத்தன்கிட்டயும் சொல்லாத'ன்னாரு."

"அப்ப எதுக்குக் கைநாட்டு வெச்சான்னு கேளு."

"பட்டாளத்துல எப்பவும் அப்படித்தான்னு சொல்லு. அவங்க படிப்பாங்க, நாங்க கை வெப்போம். படிச்சவரு எழுதினா அதுல ஏதோ ஞாயம் இருக்கும்னு நெனச்சேன்."

"பெத்தவ நான் பக்கத்து வூட்டுலயே இருக்கேனே. எங்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

அப்போதுதான் அவன் முதல் முறையாக என்னைப் பார்த்தான். உடனே திரும்பிக்கொண்டான். "அவங்கதான் பேச மாட்டாங்களே" என்று எருமையிடம் சொன்னான்.

கருப்பி வெளியே வந்தாள். அவளும் எருமையைத்தான் பார்த்தாள். "பாருடி ஆத்தா உன் அதிர்ஷ்டத்தை. ஊரே உங்கிட்ட ஞாயம் கேக்க வருது. நாளைக்குக் கச்சேரியில நாற்காலி போட்டாலும் போடுவானுங்க" என்றாள். சொல்லிக்கொண்டே முந்தானையால் மகன் முகத்தைத் துடைத்தாள்.

ஹவில்தார் ஐயா, இப்போது உங்களைக் கேட்கிறேன், நேராகவே. 'மாரியப்பன் என்னிடம் கழுதையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை' என்று மைதொட்டு எழுதினீர்களே. எந்த வாயால் எழுதினீர்கள்? எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை, அவள் கேட்க மாட்டாள், அவன் சொல்ல மாட்டான் என்று தெரிந்துகொண்டு, எங்கள் வேலிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டீர்கள். பதில் வேண்டும்.

ராமக்கா

*

தருமபுரி
2-7-1946

அம்மையாருக்கு,

ஆம். மாரியப்பன் சொன்னான். சொல்லவில்லை என்று நான் எழுதியது பொய். அதற்கு நான் என் பாதிரியாரிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எழுதாமல் விட்டதற்குத் தங்களிடம் காரணம் சொல்கிறேன், அதற்காக வெட்கப்படவில்லை.

இந்த நூலில் சொல்லியிருப்பவர்களில் கழுதைப் படைக்காரர்கள் மாரியப்பன் மட்டும் அல்ல. ஒவ்வொருவனும் கொள்ளு வைத்த கையாலேயே சுட்டான். உத்தரவு வந்தது, செய்தான். மாதேஸ் செய்தது சரி என்று நான் எழுதிவிட்டால், சுட்டவர்கள் கை எல்லாம் குற்றவாளியின் கை ஆகிவிடும். நாளை அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் இந்த நூலைப் படிப்பார்கள். அப்பா, நீ ஏன் ஆற்றில் இறங்கவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நான் ஏன் அச்சடிக்க வேண்டும்? இறந்தவன் ஒருவன். இருப்பவர்கள் பலர். நான் இருப்பவர்களைக் காப்பாற்றினேன்.

மாரியப்பன் அழுதபோது அவன் மானத்தை மறைக்கத்தான் பேனாவை மூடினேன். ஒரு சிப்பாய்க்கு இன்னொரு சிப்பாய் செய்யக்கூடியது அது.

நூல் அச்சுக்குப் போய்விட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை. ஒரு வரிதான், அம்மா. நாளடைவில் மறந்துவிடுவார்கள். தாங்களும் மன்னித்துவிடுங்கள்.

இன்னாசி

*

கல்லுக்கொட்டாய்
ஆடி 20

இன்னாசிக்கு ராமக்கா எழுதுவது.

'ஐயா' விட்டுப்போகவில்லை. எடுத்துவிட்டேன்.

ஆடிப் பதினெட்டு அன்றைக்குக் கல் நட்டோம். ஊர்ப் பாதி ஒகேனக்கலுக்கு முழுக்குப் போட வண்டி கட்டியிருந்தது. மாரியப்பன் சொல்லப் போகிறான் என்றதும் மாட்டை அவிழ்த்துவிட்டு வந்து நின்றார்கள். அன்றைக்கு வேப்பமரத்தடியில் இருந்த அத்தனை பேரும் இருந்தார்கள், உன்னைத் தவிர. புதிதாக வந்தவர் சலாவுதீன் ஒருவர். அர்ச்சுனன் போய் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிவந்தான்.

கவுண்டர் கடைசியிலும் ஒரு முறுக்கு முறுக்கினார். "என்ன இருந்தாலும் கழுதைக்கோசரம் செத்தவனுக்கு வேடியப்பன் பக்கத்துல எடமா?" என்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேடியப்பன் கல்லின் முன்னால் நிறுத்தினேன். மஞ்சளும் எண்ணெயும் ஏறி முகமே தெரியாத கல். என் முந்தானையாலேயே அடிப்பக்கத்தைத் துடைத்தேன். "கவுண்டரே, உங்க அப்பன் பாட்டன் கும்புட்ட கல்லு. கையில வில்லு இருக்குது. காலடியில என்ன நிக்குது, குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க. துப்பாக்கியா?" என்றேன்.

குனிந்து பார்த்தார். இரண்டு மாடு நின்றது.

"மாடு மறிச்சுக்கிட்டுப் போனவனுங்ககிட்ட இருந்து திருப்பப் போயிச் செத்தவன்டா அவன்" என்று ஒற்றைக் காலோடு காளியன் கத்தினான். "எங்க தாத்தா சொல்லுவாரு. நானே மறந்துட்டேன் பாரு." கவுண்டர் துப்பின வாயாலேயே மண்வெட்டி கொண்டுவரச் சொன்னார்.

கல்தச்சன் முன்பே கேட்டிருந்தான், "குதிரையா, கழுதையா, எதைக் கொத்தறது?" என்று. "ரெண்டும் இல்ல. காது பெருசா வை, கயிறு கெட்டியா வை, அது போதும்" என்றேன். அப்படியே வைத்திருந்தான்.

மாரியப்பன் கல்லைத் தொட்டான். நீ மூடிவைத்ததை அவன் திறந்தான். உன்னிடம் சொன்னதையே சொன்னான், நீ எழுதாததையே சொன்னான். அவனுடைய கழுதை சட்டைப் பையை மோந்த இடம் வந்தபோது நின்றுவிட்டான். நீ நினைத்த மாதிரி ஊர் சிரிக்கவில்லை. குற்றவாளி என்று ஒருத்தனும் விரல் நீட்டவில்லை. அவன் பையன்கள் இரண்டு பேரும் முன்வரிசையில்தான் நின்றார்கள். பெரியவன் கேட்டே கேட்டான்: "அப்பா, நீ ஏன் எறங்கலை?" நீ பயந்தாயே, அதே கேள்வி. "எனக்கு நீச்சல் வராதுடா. வந்திருந்தாலும் எறங்கியிருக்க மாட்டேன். உங்களைப் பாக்கணும்னு இருந்துது" என்றான். அவ்வளவுதான். கேள்விக்குப் பதில் இருந்தது. பையன் போய் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டான். வானம் இடிந்து விழவில்லை.

குள்ளம்மாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். சலாவுதீன் தன் பையிலிருந்து ஒரு லாடத்தை எடுத்துக் கல்லடியில் வைத்தார். "காரி குளம்பு அளவு எங் கைக்கு மறக்கலைம்மா" என்றார். கவுண்டர் ஏதாவது சொல்லியிருந்தால் அந்த லாடத்தாலேயே வாங்கியிருப்பார்.

இப்போது நீ கேட்ட மன்னிப்புக்கு வருகிறேன். நான் யாரையும் சும்மா விடுகிறவள் இல்லை. எடுத்து வைத்து ஒவ்வொருத்தராகப் பார்ப்பவள்.

கவுண்டர் துப்பினார். கல் நட்ட அன்றைக்குத் தன் துண்டால் கல்லைத் துடைத்தார். போகட்டும்.

ஜீவனைச் சுடச் சொன்னவன் எவனென்று எனக்குத் தெரியாது. முகம் தெரியாதவன் மேல் எவ்வளவு நாள் கோபத்தைச் சுமப்பது? அவனை அந்த ஆற்றிடம் விட்டுவிட்டேன்.

கருப்பி என்னை இலையிலிருந்து எழுப்பினாள். அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கல் நட்ட அன்றைக்கு அவள் வீட்டுக் களி எங்கள் வீட்டுக்கு வந்தது. எருமை கொண்டுவந்ததாக வைத்துக்கொண்டு தின்றேன்.

மாரியப்பனை நேருக்கு நேர் கூப்பிட்டேன், பேர் சொல்லி. "ஏன்டா, கை வெக்கறதுக்கு முந்தி ஒரு தரம் தலையைத் தூக்கி என்னைப் பாத்திருக்கக் கூடாதா?" என்றேன். "பயமா இருந்துது ஆயா" என்றான். ஆயா என்றானே. அதோடு முடிந்தது.

மிஞ்சியவன் நீ.

இருப்பவர்களைக் காப்பாற்றினேன் என்று எழுதினாய். யாரைக் காப்பாற்றினாய்? தலையில் சுமந்துவந்ததை இறக்கி வைக்கத்தான் மாரியப்பன் உன் முன்னால் உட்கார்ந்தான். நீ அதைத் திருப்பித் தூக்கி அவன் தலையிலேயே வைத்து அனுப்பினாய். குள்ளம்மாள் காப்பாற்றப்பட்டாளா? என் பேத்தி காப்பாற்றப்பட்டாளா? உன் புஸ்தகம் காப்பாற்றப்பட்டது. கறை படாமல், கண்ணீர் படாமல், நல்ல தமிழில் அச்சாகியிருக்கும். வைத்துக்கொள். அதைச் சங்கத்தார் படிப்பார்கள். எங்கள் கல்லை வழியில் போகிற ஆட்டுக்காரன்கூட நின்று கேட்பான், சொல்ல ஆள் இருக்கிறது.

உன் பொய்க்காக நான் உன்னை வெறுக்கவில்லை. பொய் எல்லோரும் சொல்கிறதுதான். உன் முதல் காயிதத்தில் ஒன்று எழுதியிருந்தாய். உன் அண்ணன் எப்படிச் செத்தான் என்று சொல்ல ஒருத்தன் மிஞ்சவில்லை, அதைக் கேட்டுக் கேட்டே உன் அம்மா கண்ணை மூடினாள் என்று. அதைப் படித்தபோது கூழ் ஊற்றினதற்காக ஒரு நிமிஷம் மனசு இளகினேன். நிஜமாகவே இளகினேன்.

என் மகன் எப்படிச் செத்தான் என்று சொல்ல ஒருத்தன் மிஞ்சியிருந்தான். அவன் வாய் திறந்து சொன்னான். ஒரு தாய் கேட்க முடியாமல் சாவது எப்படி இருக்கும் என்று உன் வீட்டிலேயே பார்த்திருந்தும், என்னைக் கூழ் கரைக்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வாயை மூடினாய். தெரியாதவன் செய்திருந்தால் விட்டிருப்பேன். நீ தெரிந்தவன்.

இனி எனக்குக் காயிதம் போடாதே. இந்தப் பக்கம் வந்தால் கல்லின் முன்னால் நின்று கேட்டுவிட்டுப் போ, தடுக்க மாட்டேன். கூழ்கூடக் கிடைக்கும். ஆனால் நான் சாகும்வரை மன்னிக்காத பேர் ஒன்றே ஒன்று. அதை என் கையாலேயே, நரைத்த பிறகு கற்ற எழுத்தில், கீழே எழுதி முடிக்கிறேன்.

தருமபுரி இன்னாசி.